டிவிக்குள் வைத்த குத்தகைப் பதிவு

திருவிடைமருதூர்,
2013, மாசி மாதம், புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாமா கண்ணுசாமி அவர்களுக்குத் தங்கை மகன் இளையபெருமாள் எழுதிக்கொள்வது.

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அம்மா மூன்று நாளாக வேதாரண்யத்தில் நீலாம்பாள் சித்தி வீட்டு வளைகாப்பில் இருக்கு. நீங்களும் அத்தையும் கோடியக்கரை உப்பளக் காற்றில் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இதைப் படித்து முடித்த பிறகும் அதே சுகத்தோடு இருக்க மகாலிங்கசாமி அருள் செய்யட்டும். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போன் செய்திருக்கலாம். செய்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் நீங்கள் அங்கே கத்தலாம், எனக்குக் கேட்காது. டிப்ளமா படித்தவன் சொல்கிறேன், சில விஷயத்துக்குப் பழைய முறைதான் பாதுகாப்பு.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை நம் ஒன்பது மா நிலத்துக்கு விசாரணை. தாத்தா பேரில் பதிந்த குத்தகைப் பதிவின் அசலைக் காட்டவில்லை என்றால் நிலம் பண்ணைக்குப் போய்விடும், பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் அறுப்பு முடிந்த வயலிலேயே கல் நட்டுவிடுவார். உங்களுக்குத் தெரியும். போன வருஷம் நீங்கள் கோடியக்கரைக்குக் குடிபோகும்போது அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து, “நீதான்டா படிச்சவன், பத்திரமா வை, முதல்ல ஒரு ஜெராக்ஸ் எடு” என்றீர்கள். முதல் பாதியைச் செய்தேன். ஜெராக்ஸ் கடைக்குப் போகிற நேரமெல்லாம் கரண்ட் இல்லை. பதினாலு மணி நேரம் கட் ஆகிற ஊரில் ஒரு மனுஷன் என்ன செய்வான்?

பத்திரமா வைத்த கதைதான் இப்போது எழுதப்போவது. அம்மா அதைத் தன் பழைய டிரங்குப் பெட்டியில் வேப்பிலை, வசம்பு போட்டு வைக்கலாம் என்றது. துருப் பிடித்த தகரம், பூட்டும் இல்லை, இதெல்லாம் ஒரு பாதுகாப்பா என்று சத்தம் போட்டேன். நீங்கள் விட்டுப்போன சாமானெல்லாம் பின்னறையில்தானே கிடக்கிறது: அந்த ஆட்சி கொடுத்த கலர் டிவி, இந்த ஆட்சி கொடுத்த கிரைண்டர், டேபிள் ஃபேன், ஸ்டெபிலைசர், உங்கள் டேப் ரெக்கார்டர். டிவியின் முதுகு மூடியைக் கழற்றி, பதிவை ஒரு கவரில் போட்டு உள்ளே செருகி, திரும்ப ஸ்குரு போட்டேன். ஊரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று, “ஆஃப் பண்ணி வெச்சாலும் பிக்சர் டியூப்ல இருபதாயிரம் வோல்ட் நிக்கும், தொட்டா ஆள் கரிதான்” என்று தெருவெல்லாம் சொல்லி, மூடி மேல் சிவப்பு பெயிண்டில் மண்டை ஓடும் வரைந்தேன். மாதக் கணக்கில் கிடந்த டிவியில் ஒரு வோல்ட்டும் நிற்காது என்பது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. அதுதான் என் டெக்னாலஜி.

அறுப்பு முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது மாமா. அம்மா சம்பா விதை நெல்லைக் கிரைண்டர் டிரம்முக்குள் கொட்டி வைத்திருக்கிறது, எனக்கே இப்போதுதான் தெரியும். எலிக்குக் கட்சி பேதம் கிடையாது. இந்த ஆட்சி கிரைண்டரில் சாப்பாடு, அந்த ஆட்சி டிவியில் படுக்கை. முந்தாநாள் திங்கட்கிழமை காலையில் டிவிக்குள்ளிருந்து சரக் சரக் என்று காகிதம் கிழிக்கிற சத்தம் கேட்டது, நான் தெருவுக்கே ஓடிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அத்தையிடம் சொல்ல வேண்டாம். எனக்குக் கரண்டுக்குப் பயம் இல்லை, பஞ்சநதத்துக்குப் பயம் இல்லை, எலிக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே. அந்த வால்.

அதனால் எலி பிடிக்கிற செல்லதுரை அண்ணனைக் கூட்டிவந்தேன். வரப்பு வளைக்குள் தோள் வரைக்கும் கை விட்டு வாலைப் பிடித்து இழுத்துப்போடுகிற மனுஷன், பின்னறை வாசலில் மண்டை ஓட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நான் வரமாட்டேன் தம்பி.”

“அண்ணே, எலிதான்ணே.”

“எலி கடிச்சா ஒரு ஊசி. கரண்ட் அடிச்சா? நீதானே சொன்ன, கரின்னு.”

“அது சும்மா சொன்னதுண்ணே. உள்ள ஒண்ணும் இல்ல.”

“அப்ப நீயே கையை விடேன்.”

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அதைப் பார்த்தே அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. “படிச்ச புள்ளையே கிட்ட போவ மாட்டேங்குது” என்று டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார். எலக்ட்ரீசியனும் வரவில்லை. நேற்று மத்தியானம் நானே துணிந்தேன். போன தடவை வந்தபோது நீங்கள் விட்டுப்போன உப்பள பூட்ஸ் ஒரு ஜோடி இங்கே கிடந்ததே, அதை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் உரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஸ்குருவைக் கழற்ற ஆரம்பித்தேன். செல்லதுரை அண்ணன் வாசலில் நின்று தைரியம் சொல்கிறார், என்ன தைரியம் தெரியுமா, “பாத்து தம்பி, எலி இருக்கற எடத்துக்கு அந்த நீளமானதும் தேடி வரும்.” நாலாவது ஸ்குருவில் உள்ளே ‘உஸ்’ என்றது. அது என் மூச்சா வேறு எதுவுமா என்று இன்னும் தெரியாது. மூடி விழுந்தது, கறுப்பாக ஒன்று பாய்ந்தது, என் வலது பூட்ஸுக்குள் போனது. பிறகு நான் என்ன செய்தேன் என்பதைச் செல்லதுரை அண்ணன்தான் டீக்கடையில் நடித்துக் காட்டுகிறாராம். கிரைண்டர் கவிழ்ந்து விதை நெல் முழுக்கத் தரையில். ஸ்டெபிலைசர் என் கால் விரலில். எலி மட்டும் சௌக்கியமாக வெளியே போனது.

எழுந்து டிவிக்குள் பார்த்தேன் மாமா. சர்க்யூட் போர்டு மேல் மெத்தை மாதிரி கூடு. ரோஜா நிறத்தில் அஞ்சு குஞ்சு, கண் திறக்காதது. மெத்தை முழுக்கக் காகிதத் துணுக்கு. ஒரே ஒரு துண்டு நகம் அளவுக்குத் தப்பியிருந்தது, அதில் அரசு முத்திரையின் கோபுரம் பாதி, பச்சை மையில் ஒரு கையெழுத்தின் வால். அறுபது வருஷம் தாத்தாவும் நீங்களும் அம்மாவும் சேற்றில் நின்றதற்கு இருந்த ஒரே சாட்சி அது. பண்ணை ஆட்கள் வந்து மிரட்டினபோதும் தாத்தா இடுப்பில் கட்டிக்கொண்டு விடாத காகிதத்தை, நான் எலிக்குப் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. திங்கட்கிழமை நீங்கள் வரவேண்டாம். நானே போய், தப்பு என்னுடையது, அம்மாவை வயலை விட்டு இறக்காதீங்க என்று சொல்கிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அம்மா வந்ததும் அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் யோசித்து எழுத வேண்டும். இதைக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் வேதாரண்யம் பஸ் டிரைவர் துரைராசு அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், நேரில் விழுந்தால் உதைப்பீர்கள் என்பதால் கடிதத்திலேயே.

இப்படிக்கு,
நிலத்தைத் தின்ற மருமகன்,
இளையபெருமாள்

பின்குறிப்பு: பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுதுகிறேன். துரைராசு அண்ணன் வண்டியிலிருந்தே அம்மா இறங்கிவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்து என்னடா என்று கேட்க, அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: “வெதநெல்லு எவ்ளோ கொட்டிச்சு?” பிறகு சொன்னது, பதிவு டிரங்குப் பெட்டியில் வசம்போடு பத்திரமாக இருக்கிறதாம். நான் ஸ்குரு போட்ட மறுநாளே, நான் வெளியே போன நேரம் பார்த்து, தோசைத் திருப்பியால் திருகி எடுத்துவிட்டதாம். “கரண்ட் அடிக்கும்னு பயமா இல்லயாம்மா?” என்றேன். “நீ பொய் சொன்னா காது செவக்கும், எனக்குத் தெரியாதா?” அப்படியானால் எலி தின்ற காகிதம்? “நெலத்துப் பேப்பர் எனக்கு முக்கியம், நான் பாத்துக்கிட்டேன். உம் படிப்பு பேப்பர் உனக்கு முக்கியம்ல? நீ சொன்ன பத்திரமான எடத்துலயே வெச்சேன்.”

திங்கட்கிழமை அவசியம் வாருங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட இருந்தேன். “உங்க மாமா சிரிச்சு எவ்ளோ நாளாச்சு, குடுத்துவுடு” என்று அம்மா பிடுங்கித் துரைராசு அண்ணனிடம் நீட்டுகிறது, வண்டி ஹாரன் அடிக்கிறது. மேலே ‘டிப்ளமா படித்தவன் சொல்கிறேன்’ என்று எழுதின இடத்தை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். இப்போது என்னிடம் அதற்கு ஆதாரம் இல்லை.