விரியாத பூவை வெட்டிய போர்மேன்

போர்மேன் அண்ணாச்சியைப் போன்ற பயந்தாங்கொள்ளி சிவகாசி வட்டாரத்தில் இதுவரை பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் போர்மேன். வானத்தில் போய் விரிகிற பேன்சி வெடிகளை லோடு லோடாக அனுப்பியவர். தீபாவளியன்று மட்டும் சன்னலைச் சாத்தி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் படுத்துவிடுவார்.

ஓய்வு பெற்றதும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சூரியகாந்தி விதைத்தார்.

"எண்ணெய்க்கா அண்ணாச்சி?"

"இல்ல, பூவுக்கு. வெட்டிச் சாடியில வைக்க."

ஊரே திகைத்துப்போனது. தலையில் வைக்காத, சாமிக்கும் சாத்தாத பூவை எவன் வாங்குவான்? மதுரை ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். அப்புறம் நானும் மாட்டிக்கொண்டேன்.

கல்யாண வரவேற்பு மேடைக்குச் சூரியகாந்திதான் வேண்டும் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். சம்பந்தி வீட்டார் ரோஜாவே போதும் என்றார்கள். நான் மார்தட்டி ஆர்டர் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சியும் இரண்டு மாதம் முன்பே நாளை எண்ணிப்பார்த்து, பூ கைக்கு அடக்கமாக வரட்டும் என்று சாணுக்கொரு விதையாக நெருக்கி ஊன்றினார்.

வரவேற்புக்கு முந்தின நாள் காலையில் அவர் தோட்டத்துக்குப் போனால், பூக்கொட்டகை வாசலிலேயே மறித்தார்.

"செருப்பக் கழட்டுங்க. செல்போன வெளிய வைங்க. இந்தச் செம்புத் தகட்டத் தொட்டுட்டு உள்ள வாங்க."

வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்களுக்கு ஆலையில் சொல்வது அத்தனையும் எனக்கு!

"பூவு வெடிக்குமா அண்ணாச்சி?"

"இதுவரைக்கும் வெடிக்கலேல்ல? அதான்."

உள்ளே வாளி வாளியாகப் பச்சை மொட்டு. மஞ்சள் இதழ் ஓரத்தில் லேசாக எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

"ஐயையோ! நாளைக்குச் சாயங்காலம் வரவேற்பு! மொட்டாவா வெட்டுனீக? என் மானம் போச்சே!"

"கத்தாதீக தம்பி. செடியில விரிஞ்ச பூவு ரொம்ப நாளு தாங்காது. மஞ்ச தெரியயிலயே வெட்டிரணும். தண்ணியில நின்னா தானா விரியும்."

"விரியலைன்னா?"

"எனக்கென்ன தெரியும்? விரிஞ்சு நான் பாத்ததே இல்லயே. வெட்டுன அன்னிக்கே லோடு போயிரும். வெடியும் அப்பிடித்தான போச்சு?"

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் மண்டபத்துக்குள் நுழைந்தால், மேடை முழுக்க மஞ்சள்! அத்தனையும் விரிந்திருந்தன. சம்பந்தியே வாயைப் பிளந்து நின்றார். மகள் "அப்பா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

உடனே காரை எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சியை இழுத்து வந்தேன்.

"வாசல்ல வெடி கிடி போடுவாகளோ?"

"ஒத்த வெடி கிடையாது, வாங்க."

மேடையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"ஏலே... நான் இத்தன வருசமா அனுப்புனது அம்புட்டும் இப்பிடித்தான் விரிஞ்சிருக்குமாலே?"

வாசலில் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள், பெண்ணைப் பெற்றவன் எங்கே என்று தேடினார்கள். அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.