ஆமைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

இந்தப் பிரசவமும் எங்கம்மா வீட்டில்தான் என்று ஏழாம் மாதத்தில் முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் மரிய அருள் அன்றைக்கே அதைத் தள்ளுபடி செய்தார். தலைப்பிரசவம்தான் அம்மா வீடு, இரண்டாவது புருஷன் வீடு, அதுதான் முறை என்றார்.

எனக்கோ பண்ருட்டி நினைப்பு. அம்மா கை எண்ணெய் உச்சந்தலையில் இறங்குகிற சூடு, கொல்லையில் பலா பழுக்கிற வாசனை. கடலூரில் கடலே வாசலில் கிடக்கிறது, என்ன பிரயோஜனம். பத்து நாள் கேட்டேன். அழுதும் பார்த்தேன். அழுதால் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது, விட்டுவிட்டேன்.

அவருக்கு ஆமைக்குஞ்சு பொரிக்கும் இடத்தில் காவல் வேலை. ஆமை இட்ட முட்டைகளை எடுத்துவந்து, வேலிக்குள் மணலில் புதைத்து, தினமும் சூடு பார்த்துக் குறித்துவைப்பார். மணல் சூடு ஜாஸ்தியானால் பொட்டைக் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியை ஒரு தடவை தொட்டதோடு சரி.

ஒரு சனிக்கிழமை விடியலில் குஞ்சுகளைக் கடலுக்கு விட்டார்கள். அண்ணாமலை நகரிலிருந்து வேன் நிறைய மாணவிகள் வந்திருந்தார்கள். நான் அவருக்குத் தூக்கில் இட்லி கொண்டுபோய் நின்றேன். ஒரு மாணவி குஞ்சைக் கையில் ஏந்தித் தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். இவர் பதறிவிட்டார்.

"தூக்காதீங்கம்மா, அதுவா நடந்து போவட்டும். பொறந்த மண்ண மனசுல வாங்கிக்குமாம். எங்கெங்கயோ சுத்தினாலும் முட்ட போட இந்தப் பக்கந்தான் வரும்."

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"சார், ஒரு டவுட்டு."

"என்னா நித்யா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"மொத தடவ மட்டும் பொறந்த எடத்துக்கு வருமா? ரெண்டாவது தடவ புருஷன் வூட்டுக்கா?"

"எல்லாத் தடவையும் வரும்."

"யாராச்சும் மறிச்சா?"

"கேஸ் ஆவும்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப நான் திங்கக்கெழம பண்ருட்டிக்குப் போறேன் மாமா."

வேன் மொத்தமும் கைதட்டியது. ஒரு பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முறுக்கிக்கொண்டார். ஆண் ஆமை கரைக்கே ஏறாதாம், அதனால் அவரும் பண்ருட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாராம். சரி என்றேன்.

திங்கட்கிழமை மூத்தவளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா எண்ணெய் வைத்தாள், பலாச்சுளை எடுத்துத் தந்தாள். கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை பூரா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கால் மணலைக் கூட்டிக் கூட்டிச் சலித்தவள் நான். இங்கே தரை சுத்தமாகக் கிடந்தது, பார்க்கவே பிடிக்கவில்லை.

புதன் மதியம் வாசலில் வந்து நின்றார். பண்ருட்டியில் ஒரு வேலையாம், போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தாராம், உடனே கிளம்பணுமாம். கையிலிருந்த பையில் இரண்டு கைலி எட்டிப் பார்த்தது.

இலையைப் போட்டேன்.

"திடீர்னு வந்துட்டேன், சோறு இருக்குமா?" என்று மெல்லக் கேட்டார்.

"உக்காருங்க மாமா. திங்கக்கெழமையிலேருந்தே உங்களுக்கும் சேத்துத்தான் அரிசி போடுறோம்."