உன் கேமரா இன்னும் கிளம்பாத காரணம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் நலம். உன் கேமராவும் நலம். இன்னும் வண்டியில் ஏறாததால் நலம். அங்கே உன் நலத்தையும், உன் அறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயின் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் போனில் ஒருவர் பேசினால் மூன்று பேர் பேசின மாதிரி. தவிர, நீ பாதியில் கோபப்பட்டு வைத்துவிடுவாய். கடிதத்தைக் கோபத்தில் வீசினாலும் மீதியைப் படிக்கக் குனிந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பம்பு தொழிற்சாலையில் இருநூறு தொழிலாளர்களை அவரவர் இயந்திரத்தோடு படம் எடுக்க வேண்டும், நீ தனியாகப் பிடித்த முதல் வேலை, கையில் கேமரா இல்லாமல் போய் நின்றால் அதுவே கடைசி வேலை. எல்லாம் புரிகிறது. "சாமான் வந்தாப் போதும், அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம்" என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. கேமரா, மூன்று லென்ஸ், இரண்டு விளக்கு, முக்காலி எல்லாம் சேர்ந்து நாலு மூட்டை, இருநூற்று நாற்பது கிலோமீட்டர், வீட்டில் இருக்கிற ஒரே வண்டி அப்பாவின் பழைய கார், சாவி அவர் சட்டைப் பையில். சாவியைக்கூடத் திருடிவிடலாம்; அந்தக் காரை அவர் காதில் விழாமல் கிளப்ப இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஆறு மாதமாக உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "எதுல வச்சுக் கொண்டுபோகப் போற?"

"டிக்கியிலதான்ப்பா."

"டிக்கியா? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். கடைசி சீட்டுல உக்காந்தவன் எவனாவது இடுப்பைப் பிடிக்காம இறங்கிப் பார்த்திருக்கியா நீ?"

அவ்வளவுதான், வேலையை அவர் எடுத்துக்கொண்டார். நான் விடவில்லை. இயந்திரம் எவ்வளவு அதிர்கிறது என்று அளந்து சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் அக்கா கேமராவுக்கு நான் பெட்டி செய்யாமல் யார் செய்வது? வெளியே இரும்புச் சட்டம், உள்ளே பலகைப் பெட்டி, பெட்டிக்குள் கெட்டியான ஃபோம், பெட்டியை எட்டு மூலையிலும் எட்டு ஸ்பிரிங்கில் தொங்கவிட்டேன். அம்மா வந்து விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பெட்டி ஆடியது. தட்டிவிட்டுப் போய் அடுப்பைத் துடைத்து, பாத்திரம் கவிழ்த்து, திரும்பி வந்தாள். பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. "இது எப்படா நிக்கும்?" என்றாள். நிற்க வேண்டுமானால் ஆட்டத்தை விழுங்க இன்னொரு பாகம் வேண்டும், காரில் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஷாக் அப்சார்பர் இருக்கிற மாதிரி. கடைக்காரர் அதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார். எனக்கு இரண்டு நாள் பொறுமை கிடையாது. இதை இப்போதே எழுதிவிடுகிறேன், பின்னால் நீயாகக் கண்டுபிடித்தால் மரியாதையாக இருக்காது.

"ஆள் ஏத்தறதுக்கு முன்னாடி காலி வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கணும்" என்றார் அப்பா. கேமராவும் பெரிய லென்ஸும் சேர்ந்த எடைக்குச் சமமாக, கண்ணாடி உள்ள பொருளாக ஒன்று தேவைப்பட்டது. கூடத்துச் சுவர்க் கடிகாரம் சரியாக இருந்தது. நாலு வருஷமாக நாலு பத்தில் நின்றுபோன அதே கடிகாரம். எடை போட்டேன், முப்பது கிராம்தான் வித்தியாசம். அதைப் பெட்டிக்குள் படுக்கவைத்து டிக்கியில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் புறவழிச் சாலைக்குப் போனோம்.

அது சிமெண்ட் சாலை. ஐந்து மீட்டருக்கு ஒரு இணைப்பு, இணைப்புக்கு ஒரு தடக். அப்பா பத்திரமாகப் போகிறேன் என்று முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. கணக்குப் போட்டால் நொடிக்கு இரண்டு தடக். என் பெட்டி இயல்பாக ஆடுகிற வேகமும் நொடிக்கு இரண்டு. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறவனை அவன் பின்னால் வரும்போதெல்லாம் பார்த்துப் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. டிக்கிக்குள் யாரோ அடைபட்டுக்கொண்டு உதைக்கிற சத்தம். "வேகமாப் போங்கப்பா! அறுபதுல போங்க!" என்று கத்தினேன். அப்பா வண்டியை இன்னும் ஒழுங்காக முப்பத்தைந்தில் பிடித்துக்கொண்டு, "முப்பத்தொரு வருஷத்துல மெதுவாப் போன்னு கத்தினவனுங்களை எல்லாம் பார்த்திருக்கேன். சாமானைப் பத்திரமாக் கொண்டுபோகணும், அதனால வேகமாப் போன்னு கத்தறவனை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். "அவன் படிச்ச படிப்பு அப்படி" என்றாள் அம்மா, பின் சீட்டிலிருந்து.

நிறுத்தி, டிக்கியைத் திறந்து, பெட்டியைத் திறந்தோம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா, நாலு வருஷமாக ஓடாத கடிகாரம். இரண்டு கடைக்காரர்கள் கைவிரித்த கடிகாரம். டிக் டிக் என்று ஓடுகிறது. அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பா என் முதுகில் ஒரு அறை விட்டு, "பலே இன்ஜினீயர்! பொட்டி பாஸ்!" என்றார். என்னை அவர் கிண்டல் இல்லாமல் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில்தான் நான் "இல்லப்பா, பெயில்" என்று சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே இறுகிக் கிடந்த சக்கரத்தையே விடுவிக்கிற அளவுக்கு உலுக்கியிருக்கிறது என்றால், லென்ஸுக்குள் இருக்கிற பொடி ஸ்குரூவெல்லாம் கழன்று போகும் என்று அர்த்தம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செத்ததைப் பிழைக்கவைத்த பெட்டி உயிரோடு இருக்கிறதை என்ன செய்துவிடும் என்று அம்மா கேட்கிறாள். என் பெட்டியை நானே குறை சொல்கிறேன், பெற்றவர்கள் இரண்டு பேரும் அதற்காக என்னோடு சண்டை போடுகிறார்கள். நடுரோட்டில்.

சண்டையை முடிக்க அளந்து காட்டினேன். போனில் அதிர்வு அளக்கிற செயலி வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது பெட்டிக்குள் கொஞ்ச தூரம், சீட்டின் மேல் கொஞ்ச தூரம், கடைசியில் வேறு இடம் இல்லாமல் அம்மா மடியில் கொஞ்ச தூரம். பெட்டியில் எட்டு வந்தது. சீட்டில் ஐந்து. அம்மா மடியில் இரண்டு. மறுபடி அளந்தேன். இரண்டுதான். ஸ்பிரிங்கும் அதுவே, ஆட்டத்தை விழுங்குகிறதும் அதுவே, எடைக்குத் தகுந்தபடி தானாகச் சரிசெய்துகொள்ளவும் செய்கிறது. போனைப் பைக்குள் போடப் போனேன். அப்பா எண்ணைப் பார்த்துவிட்டார். "நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்கவச்சது இதைக் கண்டுபிடிக்கத்தானா?" என்றார். "உங்க ரெண்டு பேரையும் அதுல வச்சுத்தான்டா தூக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை இரண்டாவது சோதனை. இம்முறை கடிகாரத்தைத் துண்டில் சுற்றி அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். ஊருக்குள் வேகத்தடை உள்ள தெருக்களில் போக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். முதல் வேகத்தடை வந்ததும் அம்மா, "நிறுத்துங்க" என்றாள். கதவைத் திறந்து இறங்கினாள். துண்டு மூட்டையை மார்போடு அணைத்தபடி வேகத்தடையை நடந்து தாண்டினாள். வண்டி பின்னாலேயே தாண்டியது. மறுபடி ஏறினாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இதே. நான் இது சோதனை விதிகளுக்குப் புறம்பானது என்றேன். "விதியைப் பார்த்தா சாமான் உடையும்" என்றாள். ஐந்தாவது தடவை இறங்கும்போது ஒரு போக்குவரத்துக் காவலர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்னம்மா, ரொம்ப முடியலையா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல சார். குலுங்காமப் போகணும், அதான்" என்றாள் அம்மா. உண்மையைத்தான் சொன்னாள். அவர் துண்டைப் பார்த்தார், அம்மா அணைத்திருந்த விதத்தைப் பார்த்தார், வேறு எதுவும் கேட்கவில்லை. "என் பின்னாடியே வாங்க!" என்று சைரனைப் போட்டுவிட்டார். அப்பாவுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. காவலர் பின்னால் வரச் சொன்னால் போகிறதுதான் முப்பத்தொரு வருஷப் பழக்கம். சிக்னலெல்லாம் திறந்துகொண்டது. லாரிகள் ஒதுங்கின. ஏழு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசல். நர்ஸ் ஓடி வந்து மூட்டையை வாங்கித் துண்டை விலக்கினார்.

டிக் டிக் என்றது.

நான் காரிலேயே குனிந்துகொண்டேன். காவலர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "என்னய்யா இது?"

"டெஸ்ட் சார்" என்றார் அப்பா. "இது கேமராவுக்குப் பதிலா."

"அப்ப கேமரா எங்க?"

"வீட்ல பத்திரமா இருக்கு சார்."

அவர் அபராதப் புத்தகத்தை எடுத்துவிட்டார், அக்கா. அப்போது அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "என் பொண்ணு போட்டோகிராபர் சார். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியில பெரிய வேலை. இருநூறு பேரை எடுக்கணும். தனி ஒருத்தியா எடுக்கணும். ஒரு கீறல் இல்லாமப் போய்ச் சேரணும்னுதான் இவ்வளவும்." நான் சொன்ன இருநூறு என்ற கணக்கை அவர் காதில் வாங்கியிருந்தார் என்றே எனக்குத் தெரியாது. காவலர் புத்தகத்தை மூடிக்கொண்டு, "மடியில வச்சுக்கிட்டே போங்கம்மா, இறங்கி ஏறாதீங்க, பின்னாடி வர்றவன் இடிச்சிருவான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நர்ஸ் நேரம் சரியாக வைத்துக் கொடுத்தார்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதினேன், உருகுவதற்காக அல்ல. நீ கிளம்பின அன்றைக்கு அவர் "பொத்தானை அமுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டது தப்பு. நீ "ஸ்டியரிங்கைத் திருப்பறது மட்டும் வேலையா?" என்று திருப்பிக் கேட்டதும் தப்பு. இரண்டு பேருக்குமே அடுத்தவர் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீ துணிப்பெட்டியை மட்டும் கட்டிக்கொண்டு போனாய், அவர் பேப்பருக்குள் போனார்.

இனி முடிவு. யோசித்து, அளந்து, பாரபட்சமில்லாமல் சொல்கிறேன். உன் சாமான் நம் குடும்பத்தோடு பயணம் செய்யக்கூடாது. பெட்டி தோற்றது, மடியை நம்பலாம், ஆனால் மடியோடு அம்மாவும் வருவாள், அம்மா வந்தால் அப்பாவும் வருவார், அவர்கள் இரண்டு பேரும் வந்தால் எந்த வெள்ளிக்கிழமை வந்து சேருவோம் என்று சொல்ல முடியாது. அதனால் அங்கேயே ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள். வாடகைக் கேமராவையாவது நீ வழக்கமாகச் செய்கிற மாதிரி லென்ஸை மாட்டினபடி பழைய சட்டையில் சுருட்டிக் கைப்பையில் திணிக்காதே. கழற்றி, இரண்டுக்கும் மூடி போட்டு, தனித்தனியாக வை. வெயிலில் நிறுத்தின வண்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே. இந்த ஏற்பாட்டில் அப்பா உன் வாசலுக்கு வர வேண்டிய அவசியமும் இல்லை, நீ விரும்பினதும் அதுதான்.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள், தலையை ஈரத்தோடு முடியாதே என்றாள். அப்பாவிடம் "அக்காவுக்கு ஏதாவது எழுதணுமா?" என்றேன். பேப்பரைத் திருப்பினார். நம் வீட்டு வழக்கப்படி அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள். நீ எடுக்கிற இருநூறு முகமும் தெளிவாக விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பொறுமையில்லாத தம்பி

பி.கு.: மேலே எழுதின முடிவை அடித்துவிடு. தபால்தலை வாங்கப் போய் வந்தேன், பத்து நிமிஷம்தான். நாலு மூட்டையும் காரில் ஏறிவிட்டன. லென்ஸெல்லாம் கழற்றி, தனித்தனியாகத் துண்டில் சுற்றி, முடிச்சு முடிச்சாக இருக்கிறது. கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தால் அப்பா. அம்மா பின் சீட்டில் கேமராவோடு உட்கார்ந்தாயிற்று. புதன்கிழமையான இன்றைக்கே கிளம்பினால் எந்த வேகத்தில் போனாலும் வெள்ளிக்கு முன்னால் சேர்ந்துவிடலாம் என்று அப்பா கணக்குச் சொல்கிறார், கணக்கு சரிதான். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீ கதவைத் திறக்கும்போது நானே நீட்டுவேன், உள்ளே விடுவதற்கு முன் படித்துவிடு. அப்பா மாடிக்கு வரமாட்டாராம். தெருவில் காரிலேயே இருக்கிறாராம், வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். சாமானை இறக்கிவிட்டால் அந்தக் காரில் பார்த்துக்கொள்ள ஒரு துரும்பு கிடையாது. கேமராவை நான் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். நீ கீழே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா.