அருமி சொன்னால் சரி

அன்றைக்கு என் வீட்டுக்காரர் தேசப்பன் கடலுக்குப் போகவில்லை. சாவு விழுந்துவிட்டது என்றார்.

எங்கள் குப்பத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. அது எங்கள் வழக்கம். அதனால் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"யாருய்யா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"அருமியோட அப்பா."

"எந்த அருமி?"

அவர் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கொக்கிலமேட்டுச் சொந்தம், சதுரங்கப்பட்டினத்துச் சொந்தம், கோவளத்தில் பெண் கொடுத்த வகை என்று எல்லா வீட்டையும் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றினேன். ஒரு வீட்டிலும் அருமி இல்லை. அப்புறம்தான் உறைத்தது. அருமி மனுஷியே இல்லை. போனுக்குள் இருக்கிற பொம்மை.

அதற்குள் பக்கத்து வீட்டு மாரியம்மா தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்துவிட்டாள். அவள் புருஷன் சீனு எங்கள் படகில்தான் தொழிலுக்குப் போகிறவன்.

"இன்னா யோகேஸ்வரி, சாவாமே! அண்ணாத்த வரலன்னு எங்க வூட்டுக்காரு கரையில நின்னுகினு கீறாரு. எந்த ஊரு?"

"ஜப்பான்" என்றார் சுவர்ப்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர்.

"ஐயய்யோ! அவ்ளோ தூரத்துல உங்களுக்குச் சொந்தமா?"

"சொந்தம் மாதிரி."

மாரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுவதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கென்று பார்த்து மற்ற படகுகளுக்கெல்லாம் காணாங்கெளுத்தி கொட்டோ கொட்டென்று கொட்டியது. எங்கள் படகு மட்டும் மணலில் துக்கம் காத்தது.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் மகள் தேவிப்பிரியா நாவலூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயே ஹாஸ்டல். சனிக்கிழமை வருவாள். வெளிநாட்டு விளையாட்டுகளில் வருகிற பேச்சைத் தமிழில் எழுதுவது அவள் வேலை. பேசுவதற்குச் சம்பளமா என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். அப்படியென்றால் எனக்கு எவ்வளவு பாக்கி வரும் என்றும் யோசித்தேன். இந்தத் தடவை அவளுக்கு வந்தது மீன்பிடிக்கிற ஊர்க் கதை. "நைனா, படகு, வலை, காத்து இதெல்லாம் சரியா எழுதியிருக்கேனான்னு பார்த்துச் சொல்லு" என்று அதை அவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். கடைக்கு வராத டெஸ்டிங் காப்பி.

விளையாட்டு என்றால் ஓட வேண்டும், சுட வேண்டும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு படம் நிற்கிறது. முகத்தில் பாதிக்குக் கண் வைத்திருக்கிற ஒரு பெண். பெயர் ஹருமி. என் வீட்டுக்காரர் வாயில் அருமி. அவள் பேசுவது கீழே எழுத்தில் வரும். பேசி முடித்ததும் ரெண்டு பதில் வரும். எதைத் தொடுகிறோமோ அதுதான் நாம் சொன்ன பதில். அதற்குத் தகுந்தபடி அவள் சிரிப்பாள், அழுவாள், கதை நகரும். இவ்வளவுதான்.

இவ்வளவுக்கா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"இன்னாய்யா அந்தப் பொண்ணுகிட்ட அப்பிடி கீது? நான் பேசினா மட்டும் காது கேக்காது."

"நீ கேள்வி கேட்டுட்டு நீயே பதிலும் சொல்லிக்கினு போயிடற. அது நான் சொல்ற வரைக்கும் நின்னுகினு கீது."

"நிக்காம எங்கய்யா போவும்? போனுக்குள்ள கீது!"

"பாரு. இப்பவும் நீயே சொல்லிட்ட."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசினால் அவர் சொன்னது சரியாகிவிடும்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. காற்று அடித்தால் கவலை. அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று கவலை. ஏழாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எட்டாவதில் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்று இன்றைக்கும் ஒரு கவலை உண்டு. ஆனால் என் பெரிய கவலை ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

லைப் ஜாக்கெட். நல்ல ஆரஞ்சு நிறம். வாங்கிவந்த நாளிலிருந்து அது கடலைப் பார்க்கவில்லை. பகலில் வலை மேல் படுத்துத் தூங்கும்போது அதுதான் அவருக்குத் தலையணை. மற்ற நேரத்தில் எங்கள் வீட்டுக் கோழி அதன் மேல் ஏறி அடையும்.

"தலைக்கு வெச்சா தலை மட்டும்தான்யா மிதக்கும்! உடம்புல மாட்டிக்கினு போய்யா!"

"போடி. கடல்ல பொறந்தவனுக்கு மிதவை மாட்டி வுடறியா?"

ஒரே ஒரு நாள் என் தொல்லை தாங்காமல் மாட்டிக்கொண்டு போனார். சீனு விழுந்து விழுந்து சிரித்தானாம். "இன்னா அண்ணாத்த, முதலியார்குப்பம் போட் ஹவுஸுக்கா கெளம்பிட்ட? டவுன்காரங்கதான் இத்த மாட்டிக்கினு போட்டோ புடிப்பாங்க!" அதோடு சரி. ஜாக்கெட் கோழிக்குப் போய்விட்டது.

போன வருஷம் கரையோரம் அலை உடைகிற அலைவாயைத் தாண்டும்போது படகு கவிழ்ந்தது. சீனு படகைப் பிடித்துக்கொண்டான். இவரைக் காணோம். கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு இல்லாத தெய்வம் எல்லாம் சொந்தமானது. நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரையேறி வந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "யோகு, உன் கொழம்பை வுட இதுல உப்பு சரியா கீது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்ட ஆள்தான் அன்றைக்கு ஒரு பொம்மைப் பெண்ணின் அப்பாவுக்காகச் சோறு வேண்டாம் என்று படுத்திருந்தார். சீனு வந்தான். கேலி பண்ணப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "முதல்லேருந்து காட்டு அண்ணாத்த" என்றான். இவர் எழுத்துக் கூட்டிப் படிக்க, அவன் உம் கொட்ட, உச்சிவெயிலுக்குள் ரெண்டு பேருக்கும் மூக்கு சிவந்துவிட்டது.

"காத்து இப்பிடி கீது, அருமியோட அப்பாவைத் தேடப் போவ வேணாம்னுதான்டா நான் பதில் சொன்னேன்."

"சரியாத்தான் அண்ணாத்த சொன்ன. எவன் போவான் அந்தக் காத்துல?"

"அதுக்கு அந்தப் பொண்ணு என்னை இன்னா பார்வை பாத்துச்சு தெரியுமா? காலி படகு மட்டும் கரைக்கு வந்துச்சு சீனு."

ரெண்டு பேரும் அப்படியே தூங்கிப்போனார்கள். தலைக்கு லைப் ஜாக்கெட். ஆளுக்குப் பாதி.

நான் போனை எடுத்தேன். கோபத்தோடுதான் எடுத்தேன். அந்தப் பெண்ணை நாலு கேள்வி கேட்கலாம் என்றுகூட ஒரு எண்ணம். எதையோ தொட்டதும் கதை அப்பா சாகிறதுக்கு முந்தின இடத்துக்குப் போய், அவள் வந்தாள். மணலில் நிற்கிறாள். கையில் சோற்று டப்பா. பின்னால் கடல், பொழுது சாய்கிற வெளிச்சம். கீழே எழுத்து வந்தது: "அப்பா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். கால் மாற்றி மாற்றி நிற்பதும், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைப்பதும், தெரிகிற படகையெல்லாம் நம் படகு என்று நினைப்பதும் எனக்குத் தெரியாதா? என் மகள் யாரைப் பார்த்து இதை எழுதியிருப்பாள் என்றும் தெரிந்தது. "நீ துண்ணியாடி?" என்று கேட்டேன், சத்தமாகவே. அவள் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

மூக்கைச் சிந்திவிட்டு மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏய் தேவி, உங்க நைனா அந்தப் பொண்ணு சொன்னா கேக்கறாரு."

"நல்லா ஓடுதா கதை? ரொம்ப சந்தோஷம்மா."

"சந்தோஷம் இருக்கட்டும். அந்தப் பொண்ணை ஒண்ணு கேக்கச் சொல்லு. லைப் ஜாக்கெட் போட்டுக்கினு போவச் சொல்லு."

 மகள் சிரித்தாள். "நைனா போன்ல இருக்கிறதை மட்டும் மாத்தித் தரேன். கதையில விளையாடறவரே மறுபடி கடலுக்குப் போற இடம் ஒண்ணு வருது, அங்க வெக்கலாம். எப்பிடி கேக்கணும்? நீ சொல்லு, எழுதிக்கிறேன்."

சொன்னேன். "அறிவு கெட்ட மனுசா, ஆணியில தொங்கறது இன்னா அலங்காரத்துக்கா..."

"எம்மா. ஹருமி இப்பிடியெல்லாம் பேச மாட்டா."

"சரி. தெனம் தெனம் என் உயிரை வாங்கறதுக்குன்னே..."

"எம்மா! கத்தாம சொல்லேன். உனுக்கு இன்னா பயமோ அத்த மட்டும் சொல்லு."

 பயத்தைப் பயமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. திட்டாகத்தான் வரும்.  அப்புறம் மெதுவாகச் சொன்னேன். "நீ அத்த போட்டுக்கினு போனா நான் கரையில உக்காந்து சோறு துன்னுவேன். இல்லாட்டி உன் படகு தெரியற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. எத்தினியோ வருசமா எறங்கல."

மகள் எழுதிக்கொண்டாள். பிறகு, "பதில் ரெண்டு வேணும்மா. ஒண்ணு 'சரி'. இன்னொண்ணு 'முடியாது'ன்னு வெக்கட்டா?" என்றாள்.

"உங்க நைனாவை எனக்குத் தெரியாதா? ரெண்டுலயும் சரின்னே வெய்யி!"

சனிக்கிழமை வந்தாள். புது காப்பியை ஏற்றிக் கொடுத்தாள். "நைனா, கதை இன்னும் முடியல. அருமி உனக்காகக் காத்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் வெளியே போய்விட்டாள். திரும்பியிருந்தால் ரெண்டு பேரும் சிரித்திருப்போம்.

மறுநாள் மத்தியானம். நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கண் மீனில், காது கூடத்தில். இவர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார். என் வார்த்தை அவர் வாயில் வருகிறது. "எத்தினியோ... வருசமா... எறங்கல." படித்துவிட்டு நிறுத்தினார்.  எனக்குக் கையில் முள் குத்தியதுகூடத் தெரியவில்லை.

"யோகு! இங்க வா. ரெண்டு பதில் கீது. 'சரி'ன்னு ஒண்ணு. 'கண்டிப்பா'ன்னு ஒண்ணு. எது சொல்றது?"

"எனுக்கு இன்னா தெரியும்? உன் பொண்ணு, உன் பாடு."

சீனு இருந்தான். "'சரி'ன்னா சும்மா வாய்க்குச் சொல்ற மாதிரி கீது அண்ணாத்த. நான் எங்க வூட்ல அப்பிடித்தான் சொல்லுவேன்."

"அப்ப 'கண்டிப்பா'ங்கற?"

"ஆனா வாக்குக் குடுத்தா அப்புறம் மாற முடியாது. யோசிச்சிக்க."

ரெண்டு பேரும் யோசித்தார்கள். தலைமுறைக்கே முடிவு எடுக்கிற மாதிரி யோசித்தார்கள். நான் வாயில் சேலையை அடைத்துக்கொண்டேன். கடைசியில் என் வீட்டுக்காரர் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு 'கண்டிப்பா'வைத் தொட்டார். அருமி சிரித்தாள். மணலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"துன்னுதுடா சீனு" என்றார். குரல் உடைந்திருந்தது.

மறுநாள் விடிகாலையில் அவர் ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தபோது கோழி வீட்டையே ரெண்டாக்கியது. அவர் கண்டுகொள்ளவில்லை. வாரையெல்லாம் இழுத்து மாட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் பின்னால் போனேன். பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

"இன்னா தேசப்பா, அண்ணிக்குப் பயந்துட்டியா?"

"அவ சொல்லி நான் எதைடா கேட்டேன்? ரெண்டு பதில் இருந்துச்சு. யோசிச்சு நானாத்தான் எடுத்தேன்."

சீனு மட்டும் சிரிக்கவில்லை. மாரியம்மா அவன் ஜாக்கெட்டைத் தண்ணீர் மோட்டாருக்கு மூடி வைத்திருந்தாளாம். அதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மாரியம்மா என் காதருகே வந்து, "அந்தப் பொண்ணை எங்க வூட்டு போன்லயும் ஏத்திக் குடு. குடிக்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றாள்.

படகு அலைவாயைத் தாண்டியது. அரையிருட்டில் ரெண்டு ஆரஞ்சுப் பொட்டு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. நான் மணலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன். பழைய சோறு, சுட்ட கருவாடு. இறங்கியது. நன்றாக இறங்கியது. இன்னும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம்.

வெயில் ஏறித் திரும்பி வந்தார். ஜாக்கெட்டை அலசிக் கொடியில் போட்டார். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் குழம்பு ஊற்றினேன். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"யோகு, ஒண்ணு சொல்லட்டா? கோச்சிக்காத."

"சொல்லு."

"நீயும் இத்தினி வருசமா சொன்ன. அதுவும் சொல்லுச்சு. அது கேட்ட விதம் எப்பிடி இருந்துச்சு பாத்தியா? அப்பிடி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ஒரு நாளாவது உன் வாயில வந்திருக்குமா? அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் கத்துக்கோடி."

வாயைத் திறந்தேன். கொடியில் ஜாக்கெட் சொட்டிக்கொண்டிருந்தது. நான் உண்மையைச் சொன்னால் நாளைக்கு அது மறுபடி கோழிக்குப் போய்விடும். அவரோ கையில் சோற்றை உருட்டி வைத்துக்கொண்டு, நான் சொல்கிற வரைக்கும் காத்திருந்தார்.

எனக்கும் ரெண்டு பதில் இருந்தது. ரெண்டும் 'சரி'தான்.