நாற்காலிக்கு மேலே ஒரு படம்

பல் டாக்டரின் விரலை அந்த வாரத்தில் கடித்த மூன்றாவது ஆள் பேங்க் மேனேஜர். வேண்டுமென்று கடிக்கவில்லை. வாயைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் சிரிப்பு வந்து தொலைத்துவிட்டது.

டாக்டருக்கு விரல் வலித்தாலும் மனசு குளிர்ந்துபோயிருந்தது.

யாருமே கேள்விப்படாத பழைய ஊமைப் படங்கள், அதிலும் காமெடி என்றால் அவருக்கு உயிர். எங்கெங்கோ தேடிப் பிடித்து வைத்திருந்தார். கூட உட்கார்ந்து பார்க்கத்தான் நாதியில்லை. மகன் பரீட்சை என்பான். மனைவியோ, பெயின்டர் ஏணியோடு வரும் முதல் காட்சியிலேயே அடுப்பை அணைக்க எழுந்து போய்விடுவாள். அதனால்தான் கிளினிக் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் ஒரு டிவியை மாட்டினார். மல்லாந்து கிடக்கிறவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்?

அவர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. படத்தின் பியானோ இசையை வைத்தே பெயின்டர் ஏணியில் மாட்டிக்கொண்டதும் வாளி கவிழ்வதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

மேனேஜர் வாயைக் கொப்பளித்துவிட்டு, "அந்தப் புருவம் இருக்கே டாக்டர், தாங்க முடியல" என்றார்.

"புருவத்தாலயே பேசுவான் சார்" என்று டாக்டர் உருகினார்.

இருந்தாலும் விரலும் வேண்டுமே. சிரிப்பு குறைவான வேறு படத்தைப் போட்டார். அது அவருக்கு இன்னும் பிடித்த படம்; கட்டைவிரலும் கடிபட்டது. சத்தத்தை நிறுத்திப் பார்த்தார். காட்சி புரியாமல் அவரே இசையை முணுமுணுக்க வேண்டியதாயிற்று. படுத்திருந்தவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். கடைசியில் மரப்பு ஊசியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டார். எல்லோரும் கோணிய வாயில் எச்சில் ஒழுகச் சிரித்தபடி வெளியே வர, காத்திருந்தவர்கள் மிரண்டு எழுந்து போனார்கள்.

டிவியைக் கழற்றுங்கள் என்று நர்ஸ் நச்சரித்தாள். ரசிகர்கள் கிடைத்த மனுஷர் கேட்பாரா?

அந்தச் சமயம் பார்த்து மனைவிக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. டாக்டர் ஏணிப் படத்தையே போட்டார். இவள் சிரிக்காவிட்டால் டிவியைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். முதல் காட்சி போனது. எழுந்து போக இங்கே அடுப்பு இல்லை. வாளி கவிழும் இடத்தில் அவள் குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். விரலையும் நன்றாகவே கடித்தாள்.

டாக்டர் கடிபட்ட விரலை உதறிக்கொண்டார். "இத்தனை வருஷம் கழிச்சாவது படம் உனக்குப் பிடிச்சுதே" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படமா? அதைத்தான் உங்க தலை மறைச்சிருச்சே. உங்க புருவம் ஆடுறதைத்தாங்க பார்த்துட்டிருந்தேன்."