பொன்னாத்தாளின் கன்னும் விஜயராணியின் கன்னும்

“மருதா, இக்கட்ட வா. இதென்னன்னு பாரு, குங்குமமா?”

பொன்னாத்தாள் நீட்டிய உள்ளங்கையில் சுண்டுவிரல் நகமளவு ஸ்பிரிங் ஒன்று கிடந்தது. பக்கத்து டேபிள் மருதாள் கையிலிருந்த பனியனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“குங்குமமில்லீங்க்கா. துரு.”

“அது எனக்குந் தெரியும். மெல்லச் சொல்லு.”

மெல்லச் சொல்லி மருதாளுக்குப் பழக்கமில்லை. செக்கிங் செக்‌ஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைசி டேபிளில் இருந்த விஜயராணியும் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்ததெல்லாம் பொன்னாத்தாளுக்குப் பெரிதில்லை. இவள் பார்த்தது சுருக்கென்று தைத்தது.

அது கன்னுக்குள் போடுகிற ஸ்பிரிங். கன் என்றதும் பயப்பட வேண்டாம். தைத்து வருகிற பனியனில் மிஷின் எண்ணெய் பட்டிருந்தால், மருந்தைப் பீய்ச்சியடித்துக் கறையை எடுக்கிற கைக்கருவிக்குத் திருப்பூரில் கன் என்று பெயர். வெள்ளைப் பனியனைத் தவிர வேறெதையும் அது சுட்டதில்லை. அதன் வயிற்றுக்குள் ஸ்பிரிங், வாஷர், ஊசி என்று கடுகும் மிளகுமாகச் சின்னச் சின்னச் சாமான்கள் உண்டு. ஒன்று தேய்ந்தாலும் சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுக ஆரம்பித்துவிடும். அதனால் ஸ்பேர் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கன் அடிப்பவள் பொன்னாத்தாள். ஸ்பேர் பீரோவின் சாவியும் அவள் இடுப்பில்தான். நூல் வெட்டுகிற கட்டர் வேண்டுமானாலும், அளவு டேப் வேண்டுமானாலும், “பொன்னாத்தாக்கா” என்று அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். சாவிச் சத்தம் கேட்டால் கதை பேசுகிற வாய்கள் மூடிக்கொள்ளும். வீட்டில் அவள் வந்தால் பூனைகூட நகர்ந்து உட்காராது. இங்கே அந்தச் சாவிக்கு முப்பது பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் சங்கரன்கோவில் பக்கமிருந்து விஜயராணி வந்து சேர்ந்தாள். வேலை கூடிவிட்டதென்று அவளுக்காகப் புதிதாய் இன்னொரு கன் வாங்கினார்கள். அதைக்கூடப் பொன்னாத்தாள் பொறுத்துக்கொண்டாள். அந்த டப்பாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

கட்டம் கட்டமாகத் தடுத்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு கட்டத்துக்கும் முத்து முத்தான எழுத்தில் ‘ஸ்பிரிங்’, ‘வாஷர்’, ‘ஊசி’ என்று சீட்டு. ஈரம் உறிஞ்ச எக்ஸ்போர்ட் பெட்டிக்குள் போடுவார்களே, குருணை மாதிரி குலுங்குகிற வெள்ளைப் பொட்டலம், அதில் மூலைக்கு ஒன்று. உள்ளே சாமானெல்லாம் மூக்குத்திக் கல்லாக மின்னிக்கொண்டிருக்கும். பொன்னாத்தாளின் ஸ்பேரோ பனியன் வெட்டுத்துணியில் முடிச்சாகி, ஒரு முறுக்கு டப்பாவுக்குள் உருண்டுகொண்டிருக்கும்.

ஐப்பசி மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானமே மேனேஜர் அருள்செல்வன் கையில் ஒரு வெள்ளைப் பனியனோடு வந்தான். நெஞ்சுப் பக்கம் கடுகளவு செம்பட்டைப் புள்ளி.

“பொன்னாத்தாக்கா, இது உங்க கன்னுல இருந்து உழுந்த துருங்க. நல்லவேளை, சரக்கு வாங்கற பையர் பாக்கறதுக்குள்ள நம்ம கண்ணுல பட்டுது.”

“மழைங்க சாரு. ஊரே ஓதம் பூத்துக் கெடக்குது.”

“விஜயராணி டேபிளுக்கும் அதே மழைதானுங்களே.”

பொன்னாத்தாள் முறுக்கு டப்பாவின் மூடியை இறுக்கினாள்.

“சனிக்கெழம ரெண்டு பேரு ஸ்பேரையும் பாக்கறேன். ஆருது துருவில்லாம இருக்குதோ, பீரோ சாவி அவிய கிட்ட. அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டுமுங்க்கா” என்று கையை நீட்டினான்.

சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது சேலையே நழுவுகிற மாதிரி இருந்தது. அத்தோடு விட்டானா? போகிற போக்கில் விஜயராணியின் டப்பாவைத் திறந்து, புதுசாக வாங்கிய செல்போனில் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

“பதினோரு வருசத்துல என்னைய ஒருக்கா போட்டோ எடுத்துருப்பானா?”

“ஸ்பிரிங்கைத்தானுங்க்கா எடுத்தாரு. அவளையா எடுத்தாரு?” என்றாள் மருதாள்.

“ஸ்பிரிங்கு ஆரோட ஸ்பிரிங்கு?”

மருதாள் பனியனை எடுத்து நூல் வெட்ட ஆரம்பித்தாள்.

விஜயராணி எழுந்து வந்தாள். “யக்கா, அந்த வெட்டுத்துணியத் தூக்கி எறிஞ்சிருங்க. அது ஈரத்தக் குடிச்சு வச்சுக்கிடும். அதுல பிளீச்சிங் மருந்து வேற இருக்குல்லா. எங்கிட்ட ரெண்டு பொட்டலம் கூட இருக்கு, தரட்டா?”

“எங்கூட்டுல இல்லாத பொட்டலமா?” என்றாள் பொன்னாத்தாள்.

வீட்டில் அப்படியொரு பொட்டலம் இல்லை. புளி இருந்தது. குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கிற புளி ஒரு ஸ்பிரிங்கை வைக்காதா? சாயங்காலம் எலுமிச்சையளவு புளியைக் கரைத்து, ஒவ்வொரு சாமானாகப் போட்டுத் தேய்த்தாள். புருசன் கிட்டுசாமி எட்டிப் பார்த்தான்.

“ஏம்புள்ள, புளியப் பூராம் இதுக்குப் போட்டுட்டா ரசத்துக்கு?”

“ஒருநாளைக்கு ரசமில்லீன்னா உங்க சாவிய ஆரும் புடுங்கீர மாட்டாங்க.”

தேய்த்ததும் எல்லாம் வெள்ளி மாதிரி மின்னியது. பொன்னாத்தாள் சந்தோசமாகத் தூங்கினாள். விடிந்து பார்த்தால் முன்னைக்கு இரண்டு மடங்கு சிவப்பு. புளி பழைய துருவை எடுத்துவிட்டுப் புதுத்துருவுக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தது.

“எண்ணெய் போடோணும் புள்ள, இரும்புக்கு” என்றான் கிட்டுசாமி.

மிஷின் எண்ணெய் பீரோவில் இருந்தது. பீரோ சாவி மேனேஜரிடம் இருந்தது. விஜயராணியிடம் போய் எண்ணெய் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். பொன்னாத்தாள் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயை ஊற்றி அத்தனையையும் ஊறப்போட்டாள். மறுநாள் கொஞ்சம் தேறினாற்போலத் தெரிந்தது. அதில் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக் கன்னுக்குள் மாட்டி, முதல் பனியனில் அடித்தாள்.

மருந்தோடு சேர்ந்து தேங்காயெண்ணெயும் பீய்ச்சியது. ஒரு சின்னக் கறை இருந்த இடத்தில் இட்லியளவு கறை. எங்கோ அடைத்திருக்கிறது போல என்று அவள் இன்னும் அழுத்தி அழுத்தி அடித்ததில் முப்பது பனியன் போயிற்று.

“கறை எடுக்கற கன்னு கறை போட்டு இப்பத்தானுங்க்கா பாக்கறேன். வாசமா வேற இருக்குது” என்றாள் மருதாள்.

அந்த முப்பதையும் மேனேஜர் யாரிடம் கொடுத்தான்? விஜயராணியிடம்தான். அவள் மளமளவென்று அடித்துச் சுத்தம் செய்து, மடித்துக்கூடக் கொண்டுவந்து வைத்தாள். “ஒண்ணும் வெசனப்படாதீயக்கா. எல்லாம் போயிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இது ஆறவில்லை.

அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்று மருதாள் சொன்னாள். அன்றைக்குக் கன்னில் மாட்டிய ஸ்பிரிங்கையும் கழற்றிச் சேர்த்து, வீட்டு அரிசி டிரம்முக்குள் சாமான்களைப் புதைத்து வைத்தாள் பொன்னாத்தாள். மறுநாள் அவசரத்தில் படி அளந்தபோது புதைத்த இடம் நினைவில் இல்லை.

கிட்டுசாமி இரண்டாவது வாயில் மெல்லுவதை நிறுத்தினான்.

“ஏம்புள்ள, சோத்துல என்னமோ இருக்குது.”

“துப்பீராதீங்க. மெல்ல எடுங்க.”

“என்னது இது?”

“வாஷருங்க. இன்னும் அஞ்சு இருக்கோணும். பாத்துத் தின்னுங்க.”

ஆறும் கிடைத்தது. ஒன்றை மட்டும் அவனுடைய கடைவாய்ப் பல்லிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. குக்கரில் வெந்த சாமானில் துரு எப்படி ஏறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை டீ நேரம். விஜயராணி ஊருக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று எதிர்க்கடை போன் பூத்துக்குப் போனாள். மற்றவர்கள் டீக்கும் வடைக்கும் போயாயிற்று. கடைசி டேபிளில் அந்த டப்பா தனியாக மின்னிக்கொண்டிருந்தது.

பொன்னாத்தாள் சத்தியமாக அதைப் பார்க்கத்தான் போனாள். திறந்தாள். ஸ்பிரிங் நாலு, வாஷர் ஆறு, ஊசி இரண்டு. தன்னிடம் இருப்பதும் அதே நாலு, ஆறு, இரண்டு. அளவும் ஏறக்குறைய ஒன்று. ‘எடுத்துக்கொண்டு ஓடினால்தான் திருட்டு, மாற்றி வைத்தால் திருட்டாகுமா?’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் கை மாற்றிவிட்டது. கெட்ட வேலையிலும் ஒழுங்கு தவறவில்லை. ‘வாஷர்’ என்று எழுதியிருந்த கட்டத்தில் வாஷரைத்தான் வைத்தாள். பொட்டலங்களையும் இருந்தபடியே மூலைக்கு ஒன்றாக வைத்து மூடினாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அருள்செல்வன் சாவியோடு வந்தான். மிஷின்களுக்கு ஸ்பேர் வாங்கிப்போடுகிற மெக்கானிக் லிங்கசாமியும் கூட வந்தார். கலியாணமென்று தாராபுரம் போய் ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார்.

முதலில் முறுக்கு டப்பா திறந்தது. அருள்செல்வன் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“அக்கா, இது அந்த ஸ்பேருங்களா?”

“ஆமாங்க சாரு. நல்லாத் தேச்சனுங்க.”

“என்ன போட்டுத் தேச்சீங்க?”

“புளிங்க.”

“புளியா?” அவன் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ‘புளி’ என்று எழுதிக்கொண்டான். “எல்லா யூனிட்டுக்கும் சொல்லீரலாமுங்க.”

மருதாள் பொன்னாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னாத்தாள் சன்னலைப் பார்த்தாள்.

அடுத்து விஜயராணியின் டப்பா. மூடி திறந்தது. கட்டம் கட்டமாக, சீட்டு ஒட்டி, வரிசை மாறாமல் துரு.

“இதென்னுங்க விஜயராணி? இதத்தான நான் போட்டோ எடுத்தேன்?”

விஜயராணி ஒரு வாஷரைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டியது. முகம் சுருங்கிவிட்டது.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. நாந்தான் சரியா மூடாமப் போயிருப்பேன்.” விரலைத் துடைத்துக்கொண்டாள். “சாவிய அக்காகிட்டயே குடுத்திருங்க. எனக்கு இன்னும் பக்குவம் பத்தல.”

சாவி பழையபடி பொன்னாத்தாளின் இடுப்பில் ஏறியது. முப்பது பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு அதைக் குலுக்கத்தான் தோன்றவில்லை. இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம். திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக அவளைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், வேண்டுமானால் சாவியையும் கொடுத்துவிடலாம், கொடுக்காவிட்டாலும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

லிங்கசாமி மட்டும் நகரவில்லை. விஜயராணியின் டப்பாவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சாரு, இந்தப் புள்ள கன்னுக்கு நான் வாங்கிப் போட்ட ஸ்பேரு பூராம் எவர்சில்வராச்சுங்களே, சாம்பாருல ஊறப்போட்டு வெச்சாலும் துருவேறாதே!”