விலகுகிறாயா என்று ஐயர் கேட்டார்

பாவத்தை ஒழிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒழித்துக்கட்டுவது வீட்டிலிருப்பவர்களின் நிம்மதியைத்தான். நானே அதற்குச் சாட்சி.

அறுபதுகளின் நடுவில், கடலூரில் என் தலைச்சன் பிள்ளைக்கு ஒரு ஞாயிறன்று ஞானஸ்நானம் வைத்திருந்தோம். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபைமுன் நின்று, பிசாசையும் அவன் செய்கைகளையும் விட்டு விலகுவதாக உறுதி சொல்ல வேண்டும். வேறெந்தத் தாயும் சட்டென்று சொல்லிவிடுவாள். நான் ஆசிரியப் பயிற்சி படித்தவள். பொருள் தெரியாமல் ஒரு வரியும் ஒப்பிக்க மாட்டேன் (இந்தக் கொழுப்பும் பாவம்தான் என்று அப்போது தோன்றவில்லை). அதற்குள் உண்மையாகவே பரிசுத்தமாகிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அந்த வாரம் முழுக்கப் பாவத்தோடு மல்லுக்கட்டினேன். மனதில் ஒன்று வெளியே ஒன்று கூடாதென்று பால்காரரிடம், "பால்ல தண்ணி ஜாஸ்தி. ஆனா உங்கள மன்னிச்சிட்டேன்" என்றேன். மறுநாள் அவர் வரவில்லை. கணவரிடம் சிடுசிடுக்காமல் புன்னகைத்துக்கொண்டே இருந்தேன். "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்று அவர் பயந்துபோனார்.

எல்லாம் ஞாயிறு காலை வரைதான். ஞானத்தாய், சிதம்பரத்தில் இருந்த கணவரின் அக்கா; எனக்கு அண்ணி. அண்ணி எப்போது வந்தாலும் குழந்தையைத் தூக்கி எடை பார்ப்பார். "என்னாடி, புள்ள இளைச்சிருக்கு? பால் குடுக்கிறியா, கீர்த்தனை மட்டும் பாடுறியா?" அந்தக் குரலை நினைத்தபடி அடுப்பை ஊதியபோது, மனம் ஒரு கணம் வழுக்கிவிட்டது.

ஆராதனை தொடங்கிய பிறகுதான் அண்ணி முகமெல்லாம் புழுதியாக வந்து சேர்ந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு பீடத்தின் முன் நின்றார்.

ஐயர் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார். கணவர் "விலகுகிறேன்" என்றார். அண்ணியும் சொன்னார், பிசாசே பயப்படும் குரலில். என் முறை. பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆகாதோ? உண்மையைச் சொன்னால் ஞானஸ்நானமே நின்றுபோகுமோ?

"சொல்லும்மா."

"முயற்சி பண்றேனுங்க ஐயரே."

கணவர் என் காலை மிதித்தார்.

"முயற்சியா?" என்றார் ஐயர்.

"முழுசா விலகலைங்க. இன்னைக்குக் காலையிலகூட, அண்ணி வர்ற பஸ்ஸு வழியிலயே நின்னுடணும்னு நெனச்சிட்டேன்."

அண்ணி மெல்லத் திரும்பினார். "அடிப்பாவி, நீதானா? ஆலப்பாக்கத்தாண்ட டயர் வெடிச்சி, லாரியில நெல்லு மூட்டை மேல குந்திக்கினு வந்தேன்டி!"

பின்வரிசையில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார் (எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை).

அண்ணி குழந்தையை என்னிடம் நீட்டினார். "இந்தா, நீயே வச்சிக்க. எனக்கு வேணாம் இந்த ஞானத்தாய் உத்தியோகம்."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். ஐயருக்கோ பசி. "ஏம்மா, வெலகணும்னு மனசு இருக்கான்னுதான் கேக்கறேன். வெலகி முடிச்சிட்டியான்னு கேட்டா, என்னையும் சேத்து இந்தக் கோயில்ல ஒருத்தரும் நிக்க முடியாது."

"மனசு இருக்குங்க" என்று நான் அழ, குழந்தையும் வீறிட்டது. மறுநொடி அண்ணியே அவனைப் பறித்துக்கொண்டார். "பசிக்குதுடி புள்ளைக்கு! நீ பால் குடுக்கிறதில்லன்னு நான் சொல்லல? ஐயரே, சீக்கிரம் ஊத்துங்க!"

ஊற்றினார்.

அதற்குப் பிறகு அண்ணி கடலூருக்கு பஸ்ஸில் வந்ததே இல்லை, ரயில்தான். காரணம் கேட்டால், "பஸ்ஸு மேல சந்தேகமில்லப்பா" என்று என்னைப் பார்ப்பார். ரயில் தாமதமானால் எங்கள் வீட்டில் யாரும் ஸ்டேஷனில் விசாரிப்பதில்லை. அடுப்படிக்கு வந்து என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.